தாண்டி வந்த அந்த ஒரு வருஷம்

போன சனிக்கிழமை பெங்களூரு பஸ்ஸிலிருந்து பலமனேரில் இறங்கியபோது ராத்திரி பத்தரை தாண்டியிருந்தது. வீட்டு வாசலில் பை இன்னும் தோளில்தான் இருந்தது, எதிர்வீட்டுப் பாப்பா கையில் ஒரு காகிதக் கட்டோடு ஓடி வந்தாள்.

"அண்ணா, ஈசெட்ல சீட்டு வந்துருச்சு. சித்தூர்லதான். ஈசிஈ. நேரா ரெண்டாவது வருஷத்துல போய் உக்காரணும். சிலபஸ் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். அஞ்சு தியரி, மூணு லேப். முடியுமாண்ணா?"

"பர்வாலேது, முடியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். எங்கள் ஊரில் தமிழ் வீடோ தெலுங்கு வீடோ, எதற்கும் அந்த ஒரு வார்த்தைதான். தக்காளி விலை விழுந்தாலும் பர்வாலேது, மாப்பிள்ளை வீட்டார் வராமல் போனாலும் பர்வாலேது. படுத்த பிறகு மனசு உறுத்தியது. 2015-இல் இதே கேள்வியை நான் ஒருவரிடம் கேட்டேன். அவரும் பர்வாலேது என்றுதான் சொன்னார். அதற்கு நான் கொடுத்த விலை ஒரு செமஸ்டர். அதனால் இந்தப் பதிவு. பாப்பா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். ஆனால் உனக்கு மட்டும் எழுதவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை. எங்கள் ஊர் ஆந்திராவில்தான் இருக்கிறது. 1911-இல் சித்தூர் ஜில்லா பிறக்கும்வரை நாங்கள் வட ஆர்க்காட்டுக்காரர்கள். இந்தப் பக்கம் மலை இறங்கினால் சித்தூர், அந்தப் பக்கம் இறங்கினால் குடியாத்தம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பரீட்சைத் தாளில் இங்கிலீஷ் என்று வளர்கிற பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். பத்தாவது முடித்ததும் இந்தப் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். ஒரு கூட்டம் இன்டர், அதாவது உங்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ. இன்னொரு கூட்டம் பாலிசெட் எழுதி டிப்ளமோ. டிப்ளமோ மூன்று வருஷம். அது முடிந்து ஈசெட் எழுதினால் பி.டெக்.கில் முதல் வருஷம் படிக்காமல் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். அதுதான் லேட்ரல் என்ட்ரி. கல்லூரி வாசலில் எங்களுக்கு வைத்த பெயர் அதைவிடச் சின்னது: 'லேட்ரல்ஸ்'. "அவன் லேட்ரல்" என்று சொன்னால் போதும், நம்மைப் பற்றிய ஜாதகமே சொல்லியாயிற்று என்று அர்த்தம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் யாரும் எதையும் இழக்கவில்லை. இன்டர் இரண்டு, பி.டெக். நாலு, மொத்தம் ஆறு. டிப்ளமோ மூன்று, பி.டெக். மூன்று, அதுவும் ஆறு. பத்தாவதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே வருஷம் டிகிரி வாங்கி வெளியே வருவார்கள். அப்பா அம்மாவுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவில் கையில் ஒரு டிப்ளமோ சர்டிஃபிகேட் வேறு, எங்கேயாவது சப்ஸ்டேஷனில் வேலை கிடைத்தால் நின்றுவிடலாம். என் அப்பா இந்தக் கணக்கைப் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பத்துப் பேருக்காவது விளக்கியிருப்பார்.

இதில் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஆறும் ஆறும் சரிதான், அந்த ஆறுக்குள் இருப்பது ஒன்றல்ல. என் காலத்தில் இன்டரில் எம்பிசி (கணக்கு, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி) எடுத்த பையன் கணக்கில் மட்டும் நாலு பேப்பர் எழுதியிருப்பான். ஒன் ஏ, ஒன் பி, டூ ஏ, டூ பி. தலா 75 மார்க். அதற்கு மேல் என்ஜினியரிங் நுழைவுத் தேர்வான எம்செட்டுக்கு என்று ஒரு ராட்சசப் பயிற்சி. பிறகு பி.டெக். முதல் வருஷத்தில் எம் ஒன், எம் டூ. நாம் டிப்ளமோவில் படித்ததும் கணக்குதான். லாப்ளாஸ் டிரான்ஸ்ஃபார்ம் வரை போயிருக்கிறோம். ஆனால் அதைச் சமையல் குறிப்பு மாதிரிப் படித்தோம். இந்த ஃபார்முலாவை எடு, இதில் போடு, விடையைக் கட்டம் கட்டு. ஏன் அப்படி என்று கேட்கவும் இல்லை, கேட்க நேரமும் இல்லை. மோட்டார் ஓடினால் போதும்.

நான் டிப்ளமோ படித்தது திருப்பதியில், எஸ்.வி. கவர்ன்மென்ட் பாலிடெக்னிக். எலெக்ட்ரிகல். எழுபத்தெட்டு சதவீதம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் ஒரு எண் வருகிறது, அதற்காகச் சொல்லி வைக்கிறேன். நான் ஈசெட் எழுதியது மாநிலம் பிரிந்த மறு வருஷம். ஆந்திராவுக்கென்று தனியாக நடந்த முதல் ஈசெட்.

ஈசெட் பேப்பரின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். மூன்று மணி நேரம், 200 கேள்வி. கணக்கு 50, ஃபிசிக்ஸ் 25, கெமிஸ்ட்ரி 25, மிச்சம் 100-ம் சொந்த பிராஞ்ச். தப்புக்கு மார்க் குறையாது. தகுதி பெற 200-க்கு 50 வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த வரம்பும் கிடையாது. இதில் கெட்டிக்காரத்தனம் என்று எல்லோரும் சொல்லிக் கொடுப்பது என்ன? பிராஞ்சில் 100-க்கு 80 அடி, கெமிஸ்ட்ரியை மனப்பாடம் பண்ணு, கணக்கில் தெரிந்ததைப் போடு, மீதிக்குக் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போடு. நானும் அப்படித்தான் செய்தேன். ரேங்க் வந்தது. இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. எந்த நூறு மார்க் எனக்குக் கதவைத் திறந்ததோ, உள்ளே போனதும் முதல் ஆறு மாதத்துக்கு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எந்த ஐம்பதை வாசலில் விட்டுவிட்டு வந்தேனோ, அதைத்தான் கேட்டார்கள்.

என் குடியாத்தம் அத்தை மகன் அதே வருஷம் இந்தச் சடங்கே இல்லாமல் இரண்டாம் வருஷத்துக்குப் போனான். தமிழ்நாட்டில் டிப்ளமோ மார்க்கை வைத்தே தரவரிசை போட்டு கவுன்சலிங் நடத்துகிறார்கள், நுழைவுத் தேர்வு கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவனுக்கு என்னமோ சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்குப் பார்த்தபோது அவனும் என்னைப் போலவேதான் உட்கார்ந்திருந்தான். "மேத்ஸ்டா" என்றான். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை, அதிரசம் சாப்பிட்டோம்.

சரி, கல்லூரி. பெயர் வேண்டாம். சித்தூர் பக்கம் தனியார் கல்லூரி ஒன்று. பலமனேரிலிருந்து சித்தூருக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். நடுவில் மொகிலி காட். ஒரு லாரி குறுக்கே நின்றால் அன்றைக்கு முதல் பீரியட் போச்சு. காட்டோரத்து ரோட்டில் யானை நின்றதாகச் சொல்லியும் நாங்கள் தப்பித்திருக்கிறோம். கௌண்டின்யா காட்டு யானைகள் உண்மையிலேயே எங்கள் பக்கத்து வயல்களில் இறங்குவதால் எந்த லெக்சரரும் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அதிகம் பயன்படுத்தினால் மட்டும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கவுன்சலிங் இழுத்தடித்து, நான் சேர்ந்தபோது இரண்டாம் வருஷ வகுப்புகள் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. இது முதல் அடி. மற்றவர்களுக்கு நோட்டில் ஒரு யூனிட் முடிந்திருக்கிறது, நான் நோட்டே வாங்கவில்லை. அடுத்த ஐந்தாவது வாரம் முதல் மிட் பரீட்சை.

ஆனால் அந்த முதல் மாதம் நான் ராஜா. அதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்லவில்லை. டிசி மெஷின்ஸ் வகுப்பில் லேப் வைண்டிங், வேவ் வைண்டிங் என்று சார் படம் போட ஆரம்பிப்பதற்குள் நான் விடையைச் சொல்லிவிடுவேன். இன்டரிலிருந்து வந்த பையன்கள் ஆர்மேச்சரை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. நான் டிப்ளமோ டிரெய்னிங்கில் அதைக் கையால் பிரித்தவன். லேபில் ரியோஸ்டாட் எந்தப் பக்கம் தள்ளணும் என்று நாலு பேட்ச் என்னிடம் வந்து கேட்கும். சர்க்யூட்ஸ் பேப்பரில் பாதி ஏற்கனவே தெரியும். ஒரு மாதத்தில் எனக்கு வந்த முடிவு: இது டிப்ளமோவின் மறுபதிப்பு, கொஞ்சம் தடித்த அட்டை, அவ்வளவுதான்.

தெரிந்த பாடம் இருக்கிறதே, அது மெத்தை மாதிரி. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. எனக்குத் தெரிந்ததை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அதில் மார்க்கும் வந்தது, பேரும் வந்தது. தெரியாத இரண்டு பேப்பர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன்.

அந்த இரண்டில் ஒன்று கணக்கு, காம்ப்ளெக்ஸ் வேரியபிள்ஸ். இன்னொன்று எலெக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ். ஒருநாள் கணக்கு மேடம் போர்டில் இன்டக்ரல் குறி போட்டு, அதன் நடுவில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். நான் அந்த வட்டத்தை அதுவரை பார்த்ததே இல்லை. சாக்பீஸ் தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்தேன், சத்தியமாக. பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டேன். "அது லைன் இன்டக்ரல்டா, மூடின பாதை. போன வருஷம் வெக்டர் கால்குலஸ்ல வந்துச்சே" என்றான். போன வருஷம் நான் திருப்பதியில் டிரான்ஸ்ஃபார்மருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பீரியட் ஃபீல்ட்ஸ். அங்கேயும் அதே வட்டம். சார் ஒரு நிமிடம் நின்று, "இது உங்களுக்கு ஃபர்ஸ்ட் இயர்ல ஆயிடுச்சு, ரிவிஷன் வேண்டாமில்லையா?" என்று தெலுங்கில் கேட்டார். அறுபது தலை ஆடியது. கடைசி பெஞ்சில் இருந்த ஏழு லேட்ரல்களின் தலையும் ஆடியது. என் தலையும்.

அந்தத் தலையாட்டலைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து வெட்கப்படுகிறேன். ஒரு ஆள் கையைத் தூக்கியிருந்தால் அவர் அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்திருப்பார், நல்ல மனுஷன்.

நீ கொண்டுவந்த சிலபஸில் 'எல்-டி-பி-சி' என்று நாலு கட்டம் இருக்கும் பாப்பா. லெக்சர், டுடோரியல், பிராக்டிகல், க்ரெடிட். வாரத்துக்கு ஒரு மணி நேர லெக்சருக்கு ஒரு க்ரெடிட். லேபுக்குப் பாதி, மூன்று மணி நேர லேபுக்கு ஒன்றரை. அனந்தபுரம் ஜேஎன்டியூவின் கீழ் நாலு வருஷ பி.டெக்.குக்கு இப்போது 160 க்ரெடிட். லேட்ரல்களுக்கு முதல் வருஷத்து நாற்பதைக் கழித்து ஏறத்தாழ 120. வருஷத்துக்கு நாற்பது, செமஸ்டருக்கு இருபது. ரெகுலர் பையனுக்கும் உனக்கும் ஒரே பாரம் என்று அந்தக் காகிதம் சொல்லும். சட்டப்படி அது உண்மை. கழித்த அந்த நாற்பது எங்கேயும் போய்விடவில்லை. அதில் ஒரு பத்து க்ரெடிட் அளவுக்கு, யாரும் டைம்டேபிளில் எழுதாமல், உன் தலையில் இருக்கிறது. முதல் வருஷத்தில் அவர்கள் படித்த எல்லாமும் உனக்கு வேண்டியதில்லை. இங்கிலீஷ் லேப் இல்லாமல் பிழைக்கலாம், ஒர்க்‌ஷாப் நமக்குத் தண்ணி பட்ட பாடு, டிராயிங்கில் நாம் அவர்களுக்குப் பாடம் எடுக்கலாம். கணக்கு இரண்டு பேப்பர் மட்டும்தான். அதிலும் முழுசாக வேண்டாம். ஐகன் வேல்யூ, டபுள் இன்டக்ரல், லைன் இன்டக்ரல், கிரேடியன்ட்–டைவர்ஜென்ஸ்–கர்ல். இந்த நாலும் இருந்தால் உன் சிக்னல்ஸ் பேப்பரும் கணக்குப் பேப்பரும் தமிழில் பேசும். இல்லையென்றால் சீன மொழி.

இந்த விஷயம் நமக்கு மட்டும் உரியதில்லை என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆபீஸில் என் டீமில் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு பையன் வேலை செய்கிறான். ராத்திரி ஃபோன் கால்களில் வேலை பேசி முடித்த பிறகு ஊர்க்கதை பேசுவோம். அவன் இரண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு யூனிவர்சிட்டிக்கு மூன்றாம் வருஷத்தில் போனவன். அங்கே அதற்கு 'டிரான்ஸ்ஃபர்' என்று பெயர். 1901-இல் இல்லினாயில் ஜோலியட்டில் தொடங்கிய ஜூனியர் காலேஜ்தான் இந்த வகைக்கு முன்னோடி. கலிஃபோர்னியாவில் 1960-இல் மாஸ்டர் பிளான் என்று ஒன்று போட்டு, கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூனிவர்சிட்டிக்குப் போகிற பாதையை அரசாங்கமே வகுத்து வைத்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள், வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள், பள்ளிக்கூடத்தில் கோட்டை விட்டவர்கள், எல்லோருக்கும் அது ஒரு இரண்டாவது கதவு. கேட்கும்போதே நம் பாலிடெக்னிக் வாசல் ஞாபகம் வந்தது.

அவன் சொன்னான்: "முதல் குவார்ட்டர்ல என் மார்க் தரையில விழுந்துச்சு." நான் சிரித்துவிட்டேன். அதற்கு அங்கே ஒரு பெயரே இருக்கிறதாம், 'டிரான்ஸ்ஃபர் ஷாக்'. ஜான் ஹில்ஸ் என்கிற ஆராய்ச்சியாளர் 1965-இலேயே அப்படிப் பெயர் வைத்திருக்கிறார். புது இடத்துக்குப் போன முதல் பருவத்தில் மார்க் விழும், பெரும்பாலும் பிறகு ஏறும் என்று பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துச் சொன்னார். நான் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே நான் விழப்போவதற்குப் பெயர் வைத்தாயிற்று! என் முதல் செமஸ்டர் அறுபத்தொன்று. எழுபத்தெட்டிலிருந்து அறுபத்தொன்று. அதை அப்பாவிடம் சொல்லப் பயந்துகொண்டு பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த எனக்கு யாராவது இந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் குறைந்தபட்சம் ஒரு பஸ் முன்னாலேயே வீட்டுக்குப் போயிருப்பேன்.

அவன் கதையில் என்னை நிறுத்திய இடம் வேறு. யூனிவர்சிட்டிக்குப் போகுமுன் அவர்களெல்லாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற கேள்வி: "முதல் டெர்மில் எத்தனை கிளாஸ் எடுக்கலாம்?" எனக்குப் புரியவில்லை. எத்தனை எடுக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? கொடுப்பதை எடுக்க வேண்டியதுதானே? அங்கே அப்படி இல்லை. 12 யூனிட் எடுத்தாலே முழுநேர மாணவன் என்று கணக்கு. 15 எடுத்தால்தான் நாலு வருஷத்தில் முடியும். அவன் முதல் டெர்மில் பயந்துபோய் 12 மட்டும் எடுத்திருக்கிறான். கஷ்டமான இரண்டு, லேசான ஒன்று. அங்கே பெரும்பாலான யூ.சி. (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்களில் செமஸ்டர் கிடையாது, பத்து வாரக் குவார்ட்டர். கண் மூடித் திறப்பதற்குள் மிட்டெர்ம். தாங்கவில்லையென்றால் குறிப்பிட்ட தேதிக்குள் ஒரு கிளாஸை விட்டுவிடலாம். வகுப்புக்கு ஒரு மணி நேரம் என்றால் வீட்டில் இரண்டு மணி நேரம் என்று ஒரு பழைய கணக்கு வைத்திருக்கிறார்கள். தன் பாரத்தைத் தானே தூக்கிப் பார்த்து எடை போடுகிற உரிமை.

நமக்கு அது இல்லை. செக்‌ஷன் கொடுப்பார்கள், டைம்டேபிள் ஒட்டுவார்கள், எட்டும் உன்னுடையது. மூன்று வாரம் தாமதமாக வந்தாலும் எட்டு, கணக்கே படிக்காமல் வந்தாலும் எட்டு, தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனாலும் எட்டு.

அப்படியென்றால் நாம் பாரத்தைக் குறைப்பதே இல்லையா? குறைக்கிறோமே. திருட்டுத்தனமாகக் குறைக்கிறோம். "இந்தப் பேப்பரைச் சப்ளில பாத்துக்கலாம் மாமா" (சப்ளி என்றால் சப்ளிமென்டரி, மறுபரீட்சை) என்று ஹாஸ்டல் மாடியில் ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பேச்சு நடக்குமே, அதுதான் நம் ஊர்க் 'கோர்ஸ் லோடு'. கலிஃபோர்னியாக்காரன் முதல் வாரத்தில் ஆபீஸில் போய்ச் செய்வதை நாம் பரீட்சைக்கு முந்தின ராத்திரி மொட்டை மாடியில் செய்கிறோம். அவன் விட்டால் அது காகிதத்தில் ஒரு எழுத்து. நாம் விட்டால் பேக்லாக். கேம்பஸுக்கு வருகிற கம்பெனி முதலில் கேட்பது "ஆக்டிவ் பேக்லாக்ஸ் உண்டா?"

இதைச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போனால் உலகம் முடியாது. லேட்ரல்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு சப்ளி எழுதிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அப்படித்தான். ஆனால் எதை விடுவது என்பதில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறோம். கஷ்டமானதை விடுகிறோம். கணக்கை விடுகிறோம். நானும் கணக்கைத்தான் விட்டேன். கணக்கு அப்படி விட்டுவிடக்கூடிய பேப்பரே இல்லை, அது வேர். அந்தச் செமஸ்டரில் ஃபீல்ட்ஸ் தட்டுத்தடுமாறி 70-க்கு 25-ல் தப்பியது. அடுத்த செமஸ்டரில் வந்த ட்ரான்ஸ்மிஷன் லைன் கணக்கு அதே இடத்தில் வந்து நின்றது. அதற்கடுத்த வருஷம் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ். ஒரே கடன்காரன் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிற மாதிரி. சப்ளியை அடுத்த செமஸ்டர் பரீட்சைக் கூட்டத்தோடு கூட்டமாக எழுதினேன், காலையில் ஒன்று, மறுநாள் ஒன்று என்று. அப்போது விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காத பேப்பர் எது தெரியுமா? நான் மணிக்கணக்கில் கட்டிக்கொண்டு அழுத டிசி மெஷின்ஸ். எனக்குத் தெரிந்த பாடம். இரண்டு நாள் படித்தாலே அறுபது வந்திருக்கும். எழுபத்திரண்டு வாங்குவதற்காக ஒரு மாதம் கொடுத்தேன்.

அதனால் சிலபஸைப் பார்த்து எண்ணாதே பாப்பா. எட்டு என்று எண்ணினால் எட்டும் ஒரே எடை மாதிரித் தெரியும். ஒவ்வொன்றின் முதல் யூனிட்டையும் திறந்து, இது எதைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறது என்று பார். டிப்ளமோவில் படித்ததைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டால் அது லேசு, வகுப்பில் கேட்டால் போதும், வீட்டில் தொடாதே. இன்டரில் படித்ததை வைத்துக்கொண்டால் நடுத்தரம். முதல் வருஷத்தில் படித்ததை வைத்துக்கொண்டால், அதுதான் உன் நேரம் போக வேண்டிய இடம். உன் சிலபஸில் அப்படி இரண்டுதான் இருக்கிறது, இன்று காலை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எட்டு இல்லை. இரண்டு.

லேபைப் பற்றி ஒரு வார்த்தை. லேபில் நீ கில்லாடி, அதனால் பேட்ச்மேட்ஸ் எல்லோரும் உன் தலையில் கட்டுவார்கள். நீயே கனெக்‌ஷன் கொடுத்து, நீயே ரீடிங் எடுத்து, உன் ரெகார்டைப் பார்த்து நாலு பேர் எழுதுவார்கள். பெருமையாக இருக்கும். வாரத்துக்கு ஒன்பது மணி நேர லேபில் நாலரை க்ரெடிட்தான் இருக்கிறது, ரெகார்டு எழுதுகிற ராத்திரி அதில் சேர்த்தியில்லை. உதவி செய், ஆனால் இலவசமாகச் செய்யாதே.

இலவசமாகச் செய்யாதே என்று நான் சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது. கணக்கில் போன பிறகு, இரண்டாவது செமஸ்டரில், எங்கள் பஸ்ஸில் வி.கோட்டா பக்கத்திலிருந்து ஒரு முதல் வருஷப் பையன் வருவான். பலமனேருக்கு வேறு பஸ் பிடித்து வந்து எங்களோடு ஏறுவான். அவனுக்கு என்ஜினியரிங் டிராயிங் என்றால் ஜன்னி. கோனை வெட்டினால் எப்படி எல்லிப்ஸ் வரும் என்று அவனுக்குக் கண்ணில் வரவே வராது. எனக்கு அது மூன்று வருஷமாகக் கை பழகிய வேலை. ஒருநாள் மொகிலி காட்டில் பஸ் நின்றுவிட்டது, முன்னால் கண்டெய்னர் லாரி ஒன்று திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. ஒன்றரை மணி நேரம். அவன் மடியில் டிராயிங் ஷீட், என் மடியில் சப்ளிக்கான கணக்குப் புத்தகம். இரண்டு பேரும் முழித்துக்கொண்டிருந்தோம். ஒரு முள்ளங்கியை வெட்டிக் காட்டினால் புரியும் என்று நான் சொல்ல, முன் சீட்டு அக்கா மார்க்கெட் பையிலிருந்து ஒரு கேரட் எடுத்துக் கொடுத்தார். நெயில் கட்டரில் இருந்த சின்னக் கத்தியால் சாய்வாக வெட்டிக் காட்டினேன். அவன் முகத்தில் விளக்கு எரிந்தது. பதிலுக்கு அவன் கேட்டான், "அண்ணா, உங்களுக்கு அந்த வட்டம் போட்ட இன்டக்ரல் புரியலையா? ரொம்ப ஈசிண்ணா. இந்தக் காட் ரோட்டுல பஸ் போற பாதை மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் இன்ஜின் எவ்வளவு தள்ளுதுன்னு கூட்டிக்கிட்டே போறது. புறப்பட்ட எடத்துக்கே திரும்பி வந்தா வட்டம் போட்ருவாங்க."

நான் மூன்று மாதமாகத் தேடிய வாக்கியம் அது. என்னைவிட இரண்டு வருஷம் சின்னவன்.

அன்றிலிருந்து காலையில் அவனுக்கு டிராயிங், சாயங்காலம் எனக்குக் கணக்கு. நாற்பது நாள் இருக்கும். ஒரு முதல் வருஷப் பையனிடம் இரண்டாம் வருஷத்தான் பாடம் கேட்கிறான் என்று பஸ்ஸில் சிரித்தார்கள். என் செக்‌ஷன் பையன்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது, இவனிடம் இல்லை. அவர்களுக்கு அது போன வருஷத்துப் பாடம், பாதி மறந்திருந்தார்கள். இவனுக்கு அது அந்த வாரத்துப் பாடம். முதல் வருஷத்துக் கணக்கு நோட் எந்தக் கடையிலும் கிடைக்காத நாட்களில் அவன் தன் வெக்டர் கால்குலஸ் நோட்டை எனக்குக் கொடுத்தான். நீல அட்டை. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பஸ்ஸும் மலையும் வரைந்திருப்பான். சப்ளியில் ஐம்பத்தெட்டு வந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கணக்கில் பேக்லாக் விழவில்லை. கடைசியில் எழுபத்து மூன்று சதவீதத்தோடு வெளியே வந்தேன். லேட்ரல்களுக்கு மூன்று வருஷ மார்க்கை மட்டும்தான் சேர்ப்பார்கள். அந்த அறுபத்தொன்றைச் சமன் செய்ய மிச்சம் ஐந்து செமஸ்டர்தான் கையில் இருக்கும், ரெகுலருக்கு ஏழு.

ஞாயிற்றுக்கிழமை காலை பரணில் ஏறினேன். அம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, பத்து வருஷமாகத் தொடாததை இன்றைக்கு என்ன வந்தது என்று திட்டிக்கொண்டிருந்தாள். புளிப் பானைக்குப் பின்னால் அந்த நோட்டு இருந்தது. அட்டையில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது, உள்ளே பக்கங்கள் நன்றாகவே இருந்தன. கொண்டுபோய் எதிர்வீட்டில் கொடுத்தேன். அவள் அப்பா, "காபி சாப்பிடுங்க தம்பி" என்று நாற்காலி போட்டார். பாப்பா வாசலிலேயே உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தாள். பஸ் படம் வரைந்த ஒரு பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, இது உங்க கையெழுத்து இல்லையே. யாரோடது?"

சொன்னேன்.

"திருப்பிக் கேக்கலையா அவங்க?"

அவன் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அவன் டிராயிங்கில் எவ்வளவு வாங்கினான் என்றுகூட நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.